பட்டியலில் தம்பியின் பெயர்

என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போன புதன்கிழமை காலையில், நான் திருமங்கலத்தில் என் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். போனில் தம்பி மனைவி. அழவில்லை, மூச்சு வாங்கப் பேசினாள். ஆறரை மணிக்கு ஊருக்குப் பிரிகிற விலக்கில் இருக்கிற டீக்கடைக்குப் போனவனை, சாதாரண உடுப்பில் வந்த மூன்று பேர் ஒரு வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். வண்டி சாவியோடு அங்கேயே நிற்கிறதாம். டீக்கடைக்காரர் வந்து சொல்லித்தான் அவளுக்கே தெரியும். அவன் போன் சுவிட்ச் ஆஃப்.

"போலீஸா, வேற ஆளுகளான்னே தெரியல மதினி," என்றாள்.

தம்பி அப்போது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். சிமென்ட் மூட்டை, வாழைத்தார், உசிலம்பட்டிச் சந்தையில் வாங்குகிற மாடு, எது கிடைத்தாலும் வாடகைக்கு ஏற்றுவான். அதற்கு முந்தின வாரம் யாரோ இரண்டு பேருக்காக இரண்டு கறவை மாடுகளை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வந்திருந்தான். அவை திருட்டு மாடுகள் என்று இரண்டு நாளாக ஊரில் பேச்சு. அவன் காதுக்கும் வந்தது. வாடகைக்கு ஓட்டினவனுக்கு என்ன வரப்போகிறது என்று அசட்டையாக இருந்துவிட்டான். ஆகவே போலீஸாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்றும் சொல்லலாம்.

மனு டைப் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பில் பாதி. எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும் என்று வருகிறவர்களுக்குக் காவல்துறையின் இணையதளத்தைத் திறந்து, மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், வழக்கு எண் என்று வரிசையாகக் கொடுத்து எடுத்துத் தருவேன். அன்று காலையில் என்னிடம் எண் இல்லை. வழக்கு என்று ஒன்று இருக்கிறதா என்பதே தெரியவில்லை. கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஒன்பது மணிக்கு நானும் தம்பி மனைவியும் ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷனில் நின்றோம். எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுதவில்லை. எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு, எல்லாரும் ரைட்டர் என்று கூப்பிடுகிறவர், தலையைத் தூக்காமலே அப்படி யாரையும் கொண்டுவரவில்லை என்றார். வேறு ஸ்டேஷனில் போய்க் கேட்கச் சொன்னார். எந்த ஸ்டேஷனில் என்று கேட்டேன். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அப்போது தம்பி மனைவி என் கையை நகம் பதியக் கிள்ளினாள். அவள் பார்த்த இடத்தைப் பார்த்தேன். கட்டடத்தின் பக்கவாட்டில் ஓர் அறை, மூடின கதவு, இரண்டு படி. கீழ்ப்படியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வலது செருப்பின் வார் சிவப்பு நைலான் நூலால் தைத்திருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் தைத்த நூல்.

அது அவன் செருப்பு என்று என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் தெரியாது. சொன்ன அடுத்த நிமிஷமே அவனை வேறு எங்காவது மாற்றிவிடுவார்களோ என்ற பயம்தான் என் வாயைக் கட்டியது. வராந்தாச் சுவரில் ஒரு பலகை இருந்தது. கைது செய்யப்பட்டவர்கள் விவரம் என்று பெயின்டில் எழுதி, அதன்மேல் வெயிலில் மஞ்சளாகிப்போன ஒரு தாள். இன்றைய பட்டியலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ரைட்டர் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அதெல்லாம் மதுரையில, கன்ட்ரோல் ரூம்ல போய்க் கேளும்மா."

ரோட்டுக்கு வந்ததும், என் கடைக்கு நகல் எடுக்க வருகிற ஒரு வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் பதறவில்லை. கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பதை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும், அது சட்டம் என்றார். யாரைக் கைது செய்தாலும் அவர் சொல்கிற ஒருவருக்குத் தகவல் கொடுக்க வேண்டும், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். "அந்த ஆள் சொன்ன இடத்துக்கே போங்க. கையில மனுவோட போங்க. டீக்கடையில எத்தனை மணி, ஸ்டேஷன்ல எத்தனை மணி, எல்லாத்துக்கும் நேரம் போடுங்க," என்றார். பட்டியலில் பேர் ஏறாதவரைக்கும் அந்த நேரக் கணக்கைப் போலீஸ் தொடங்கமாட்டார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார்.

ஊருக்கெல்லாம் மனு டைப் அடிப்பவள், அன்று ஒரு பெட்டிக்கடையில் வாங்கின வெள்ளைத்தாளில் கையால் எழுதினேன். தம்பி மனைவி ஸ்டேஷனுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்று அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பது, நான் மதுரைக்குப் போவது என்று முடிவு செய்தோம். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அவளைக் கூப்பிட்டேன். செருப்பு அங்கேதான் கிடக்கு மதினி, என்பாள். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லமாட்டாள்.

மாவட்டக் காவல் அலுவலகத்தில் யாரும் என்னை விரட்டவில்லை. பெயர், ஊர், எதற்காக என்று எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே அனுப்பினார்கள். கன்ட்ரோல் ரூமுக்கு வெளியே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அன்றைய பட்டியல் ஒட்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், பிரிவு, கைது செய்த அதிகாரி. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கும் என்று தோன்றியது. கடைசி வரி வரைக்கும் தம்பி இல்லை.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெண் ஏட்டு இருந்தார். மனுவை முழுசாகப் படித்தார்.

"அங்கதான் இருக்காருன்னு எப்பிடிச் சொல்ற?"

"அவன் செருப்பு வெளியில கிடக்கு மேடம்."

அவர் கம்ப்யூட்டரில் ஒருமுறை தேடினார், அதிலும் இல்லை. பிறகு மனுவில் சீல் குத்தி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு, நகலை என்னிடம் தந்தார். அதற்கப்புறம் அந்த ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். அதட்டவில்லை. இன்றைக்குக் கைது என்ட்ரி ஏதாவது இருக்கிறதா, இந்தப் பேரில் ஒரு மனு வந்து பதிவாகியிருக்கிறது, மேலதிகாரி பார்வைக்குப் போகப்போகிறது என்று மட்டும் சொன்னார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

பன்னிரண்டேகாலுக்குத் தம்பி மனைவி கூப்பிட்டாள். ஒரு ஜீப் வந்து பக்கவாட்டுக் கதவை ஒட்டி நிற்கிறதாம், இப்போது செருப்பு தெரியவில்லையாம். நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன். எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தேன். வண்டி நம்பரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். பேனா இல்லை, மண்ணில் குச்சியால் எழுதிவைத்திருக்கிறேன் என்றாள். கால் மணி நேரம் கழித்து ஜீப் நகர்ந்தது. உள்ளே டிரைவரும் ஓர் அதிகாரியும் மட்டும். செருப்பு அதே படியில் என்றாள்.

ஒன்றரை மணி தாண்டி என் போன் அடித்தது. தெரியாத நம்பர். உங்கள் தம்பியைக் கைது செய்திருக்கிறோம், கையெழுத்துப் போட வரவும் என்றது ஓர் ஆண் குரல். சற்று நேரத்தில் அந்தப் பெண் ஏட்டு வெளியே வந்து, புதிதாக அச்சான தாளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டினார். கடைசி வரியில் தம்பியின் பெயர். அதை அடுத்து எங்கள் அப்பாவின் பெயர், எங்கள் ஊர். திருட்டுச் சொத்தைக் கடத்தியதாகப் பிரிவு. எந்தக் குடும்பமும் பார்க்க விரும்பாத ஒரு வரியைப் பார்த்து நான் கைகூப்பி அழுதேன். அவன் இனி இல்லாதவன் இல்லை.

ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது தம்பி அந்த அறைக்குள் தரையில் உட்கார்ந்திருந்தான். இடது கன்னம் வீங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழ முயன்று, சுவரைப் பிடித்துக்கொண்டான். ரைட்டர் கைதுக் குறிப்பை என் முன்னால் வைத்தார். குடும்பத்தார் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கைது செய்த இடம் மெயின் ரோடு, வாகனச் சோதனையின்போது. நேரம் பகல் ஒன்று பதினைந்து.

காலை ஆறரை என்றேன். ரைட்டர் பேனாவை நீட்டியபடியே இருந்தார். தம்பி, "போட்டுரு அக்கா," என்றான். குரலே இல்லை.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்யக் கேட்டேன், விட்டார்கள். கையெழுத்துப் போடுங்கள், ஆனால் அதற்கு மேலே உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் கையால் எழுதிவிட்டுப் போடுங்கள் என்றார் வக்கீலம்மா. எழுதினால் இன்றைக்குக் கோர்ட்டுக்குப் போக நேரமாகும், கஷ்டப்படப்போவது உன் தம்பிதான் என்றார் ரைட்டர். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் எழுதினேன். காலை ஆறரைக்கு டீக்கடையிலிருந்து கூட்டிச் சென்றார்கள், ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் இல்லை என்று சொன்னார்கள். இரண்டு வரி. எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் அவனைப் பார்த்து, யாராவது அடித்தார்களா என்று கேட்டார். இல்லைங்கய்யா என்றான் தரையைப் பார்த்து. அவர் குறிப்பைப் புரட்டினார், என் இரண்டு வரியில் நின்றார், மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத்தான் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதினார்.

பத்து நாளில் ஜாமீன் கிடைத்தது. மாடு திருடியவர்கள் பிறகு பிடிபட்டார்கள். குற்றப்பத்திரிகையில் தம்பியைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் சாட்சியாக வைத்தார்கள். அது எங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அடுத்த வருஷம் ஒரு பள்ளிக்கூட வேனுக்கு டிரைவர் வேலை கேட்டுப் போனபோது, போலீஸ் சரிபார்ப்பில் அந்தக் கைது வந்து நின்றது. குற்றப்பத்திரிகை நகலை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். படித்துப் பார்த்தார்கள். வேலை கொடுக்கவில்லை.

அன்று தம்பி என் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்டான். "நீ மதுரைக்குப் போகாம இருந்திருந்தா சாயங்காலம் விட்ருப்பாங்கக்கா. பேரு ஏறியிருக்காது. நீதான ஏத்திவிட்ட?"

விட்டிருப்பார்களோ என்னவோ, நான் எப்படிச் சொல்ல முடியும்? பல நாள் அவன் என்னோடு பேசவில்லை. இப்போது மதுரைக்குப் பால் வண்டி ஓட்டுகிறான். பேச்சும் வந்துவிட்டது, ஆனால் அந்தப் புதன்கிழமையைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

அவன் சண்டை போட்டுவிட்டுப் போன மறுநாள் தம்பி மனைவி தனியாகக் கடைக்கு வந்தாள். கூட்டம் குறையும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு சொல்றத மனசுல வச்சுக்காதீங்க மதினி. நீங்க பஸ்ல போய்க்கிட்டு இருந்தீகள்ல, அப்ப அவரு அடி தாங்காம கத்துனது ரோடு வரைக்கும் கேட்டுச்சு. உங்ககிட்ட சொன்னா பாதியில எறங்கித் திரும்பி வந்துருவீகன்னுதான் சொல்லல."

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.