லுபோர் மிகுலாவுக்கு எட்டாத வாசனை

லுபோர் மிகுலா கவலைப்படுவதற்கென்றே பிறந்தவர் என்று அவர் மனைவி ஹெத்விகா சொல்வாள். காரைப் பூட்டிவிட்டுப் பத்தடி போனதும் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார். நிலவறையின் வெப்பமானி இரண்டு டிகிரி காட்டினால் அது சரியாகத்தான் காட்டுகிறதா என்று இன்னொன்றை வைத்துப் பார்ப்பார். ஒலெஷ்னா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த முளைகட்டிய பார்லி வைக்கும் பழைய மால்ட் கிடங்கை வாங்கி, சின்னதாக ஒரு பீர் ஆலை ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு வருடமும் இன்றைக்கு ஏதோ ஒன்று கெடப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் காலையில் கண் விழிப்பார். பெரும்பாலும் எதுவும் கெடவில்லை.

அதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஆய்வுக்கூடம் இருந்தது. பீர் தயாரா இல்லையா என்பதை எந்திரம் அச்சடித்துக் கொடுக்கும். இங்கே எந்திரம் இல்லை. அவரும், கொதிகலனுக்கு ஒருவர், பீப்பாய் ஏற்றி இறக்க ஒருவர், நிலவறைக்கு லிபுஷே என்று மொத்தம் நான்கு பேர். குளிரில் வாரக்கணக்கில் கிடத்திவைக்கும் வெளிர் லாகர்தான் ஆலைக்குச் சோறு போட்டது; அதன் அடர்த்தி அளவை வைத்து ஊரே அதைப் 'பன்னிரண்டு' என்று கூப்பிடும். குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு ஸ்டவுட் காய்ச்சுவார்கள். கருக வறுத்த பார்லியும் காப்பி மணமும் அடிநாக்கில் கசப்புச் சாக்லேட்டுமாக, கரண்டி நிற்கும் அளவுக்குக் கனமாக இருக்கும். அதை லுபோர் தன் ஆசைக்குச் செய்தார்.

பிப்ரவரியில் லிபுஷே இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் போனாள். ஐம்பத்தெட்டு வயது. டேங்குகளைக் கழுவுவது, மாதிரி பிடிப்பது, குறிப்பேட்டில் எழுதுவது எல்லாம் அவள் வேலை. மூன்று மாதம் வர முடியாது. அந்த வேலையையும் லுபோரே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஈஸ்டர் நெருங்கியது, கடைகள் பீப்பாய் கேட்டு நச்சரித்தன. நாட்காட்டியைப் பார்த்து, முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டது என்று கணக்கிட்டு, வாயில் ஒரு மடக்கு விட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மூன்றாம் டேங்கைத் திறந்துவிட்டார்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை போஹூஸ் கூப்பிட்டான். சதுக்கத்தில் பீர்க்கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்தில் லுபோருக்குப் பக்கத்து பெஞ்சு.

"டேய், கொஞ்சம் கடைக்கு வர்றியா?"

"என்னடா, ஏதாச்சும் பிரச்சனையா?"

"நீ வாயேன். போன்ல சொன்னா நீ ராத்திரி தூங்க மாட்ட."

அப்படிச் சொன்னதே போதுமாக இருந்தது. லுபோர் மேலங்கியைக்கூட மாட்டாமல் ஓடினார். போஹூஸ் ஒரு கண்ணாடிக் குவளையில் லாகரை நுரை ததும்பப் பிடித்து அவர் முன்னால் வைத்தான்.

"குடி."

லுபோர் மோந்து பார்த்தார். ரொட்டித் தோலின் மணம். கசப்புக்குப் போடும் ஜாடெட்ஸ் ஊர் ஹாப்ஸ் பூவின் புல் வாசம். குடித்தார். "நல்லாத்தானே இருக்கு?"

போஹூஸ் அவரையே பார்த்தான். "விளையாடுறியா? சினிமா கொட்டகை மாதிரி நாறுது. வெண்ணெய் போட்டுப் பொரிச்ச பாப்கார்ன். நம்ம ஊர் லாகர்ல லேசா வெண்ணெய் இருந்தா எவனும் கண்டுக்க மாட்டான், அது வேற. இது ரொட்டியில தடவலாம்டா."

"உன் குழாய் அழுக்கா இருக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது. போஹூஸின் காது சிவந்தது. "இருபது வருஷமா திங்கக்கிழமை தவறாம குழாய் கழுவுறேன். என் கடைக்கே வந்து, என் குழாயையா சொல்ற? அதே குழாய்ல போன வாரம் உன் ஸ்டவுட்டும் வந்துச்சு, தேவாமிர்தமா இருந்துச்சு. போடா, போய் உன் டேங்கைப் பாரு."

லுபோர் போய்ப் பார்த்தார். டேங்கிலிருந்து நேராகப் பிடித்த மாதிரியை மூடிய குடுவையில் ஊற்றிச் சுடுதண்ணீரில் அரை மணி நேரம் வைத்தார். ஒளிந்திருக்கும் வெண்ணெய் வாசனை சூட்டில் மேலே வந்துவிடும்; தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ஆறவைத்து மூடியைத் திறந்தார். மூக்கைக் குடுவைக்குள்ளேயே விட்டார். ஒன்றும் இல்லை. மனம் லேசானது. அவன் குழாய்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை பக்கத்து ஊர்க் கடை ஒன்று இரண்டு பீப்பாய்களைத் திருப்பி அனுப்பியது. கூட வந்த சீட்டில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: 'வெண்ணெய்'.

இரண்டு கடைக்காரர்கள் சேர்ந்து பொய் சொல்ல முடியாது. ஆனால் தன் மூக்கு பொய் சொல்ல முடியுமா? அந்தக் கேள்வி வந்ததும் அவர் அதைத் தள்ளிவிட்டு வேறு வேலை பார்த்தார்; பத்து நிமிடத்தில் அது திரும்ப வந்து நின்றது. அலமாரியின் மேல் தட்டில் ஒரு பெட்டி இருந்தது. பீர்ப் போட்டி நடுவர்களைப் பழக்குவதற்காக விற்கும் வாசனைக் குப்பிகள். எப்போதோ வாங்கினார், பிரிக்கவே இல்லை. அதில் 'வெண்ணெய்' என்று எழுதிய குப்பியை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஹெத்விகா பள்ளியிலிருந்து வந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணு. மூணு குவளையில பீர் ஊத்து. ஒண்ணுல மட்டும் இந்தக் குப்பியில இருக்குறதைக் கலந்துடு. எதுலன்னு சொல்லாதே."

"ஏன்?"

"அப்புறம் சொல்றேன்."

அவள் சமையலறையில் கலந்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் மூன்றையும் மோந்தார், குடித்தார், திரும்ப மோந்தார். "நடுவுல இருக்குறது."

ஹெத்விகா முகத்தில் எதுவும் காட்டாமல் குவளைகளை எடுத்துக்கொண்டு போய் மறுபடி கலந்து வந்தாள். எட்டு தடவை.

"எத்தனை சரி?"

"மூணு."

கண்ணை மூடிக்கொண்டு கையைக் காட்டியிருந்தாலும் மூன்று வந்திருக்கும்.

"உனக்குத் தெரியுதா?"

ஹெத்விகா தயங்கினாள். "லுபோர், எனக்குச் சமையலறையிலேயே தெரியுது. வீடு முழுக்க அடிக்குது."

சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஒரு வாசனை மட்டும் எட்டாது என்று அவர் பாடத்தில் படித்திருந்தார். யாரோ சிலருக்கு. பன்னிரண்டு வருடம் பீர் காய்ச்சியவருக்கு அப்படி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அப்போதுதான் அடுத்த கேள்வி எழுந்தது: இத்தனை வருடம் எப்படித் தப்பித்தோம்?

விடை தெரிய அதிக நேரம் ஆகவில்லை. லிபுஷே மாதிரி பிடித்துக்கொண்டு வருவாள். இருவரும் ஆளுக்கொரு மடக்கு குடிப்பார்கள். "மாஸ்டர், இன்னும் நாலு நாள் கிடக்கட்டுமா?" என்பாள். சரி என்பார். ஈஸ்ட்தான் அந்த வெண்ணெய் வாசனையை உண்டாக்குகிறது, பொறுத்திருந்தால் அதுவே தின்றும் தீர்த்துவிடுகிறது. அந்த நாலு நாள் அதற்குத்தான். லுபோர் அப்படி நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பீப்பாய் நிரப்பச் சோம்பல் என்று நினைத்து அவளைக் கேலிகூடச் செய்திருக்கிறார்.

மறுநாள் காலையில் அவள் கிராமத்துக்குக் காரை விட்டார். லிபுஷே தோட்டத்தில் ஊன்றுகோலைச் சாய்த்துவைத்து நாற்காலியில் உட்கார்ந்து கோழிகளுக்குத் தீனி வீசிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாஸ்டர், முகம் வெளிறிப் போயிருக்கு? ஆலை எரிஞ்சு போச்சா?"

"எரிஞ்சிருந்தா தேவலை." நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

லிபுஷே தீனிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பு வலித்ததால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதீங்க லிபுஷே. எனக்கு உசுரே போகுது."

"மன்னிச்சுக்கங்க மாஸ்டர். நான் இத்தனை வருஷமா என்ன நெனச்சேன் தெரியுமா? நீங்க என்னைச் சோதிக்கிறீங்கன்னு. ஒரு தடவைகூட நீங்களா 'இது ஆகலை'ன்னு சொன்னதே இல்ல. பெரிய மனுஷன், நாம சொல்றோமான்னு பாக்குறாருன்னு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் முந்தின ராத்திரியே தூக்கம் போயிடும்."

"உங்களுக்குமா?"

"பின்னே? தப்பாச் சொன்னா வேலை போயிடும்னு பயந்துக்கிட்டே இல்ல சொன்னேன்!"

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டே நல்ல பீர் காய்ச்சியிருக்கிறார்கள்.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார் லுபோர்.

"கோழிங்க கேட்டுடுச்சே" என்றாள் லிபுஷே. அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, "டேங்க்ல எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்று கேட்டாள்.

பாதிக்கு மேல் இருந்தது. பக்கத்து டேங்கில் அப்போதுதான் நுரைத்துக்கொண்டிருந்த இளம் பீரில் கொஞ்சம் எடுத்து அதில் கலந்து, குளிரைக் குறைத்து வைக்கச் சொன்னாள். உயிருள்ள ஈஸ்ட் உள்ளே போனால் பழைய வாசனையைத் தின்றுவிடும். லுபோருக்கும் அது தெரிந்த வைத்தியம்தான். தின்று முடித்ததா என்பதுதான் அவருக்குத் தெரியாது. ஆகவே இரண்டு நாளுக்கு ஒரு தடவை சின்ன பாட்டிலில் மாதிரி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். "இருக்கு" என்பாள். இரண்டு நாள் கழித்து, "இருக்கு, குறைஞ்சிருக்கு" என்பாள். அந்த நாட்களில் லுபோர் இரண்டு கிலோ இளைத்தார்.

இதைவிடப் பெரிய இடி ஒன்று காத்திருந்தது. அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை யிஹ்லவா நகரில் சிறு பீர் ஆலைகளின் ருசிப் போட்டி. லாகர் மேசைக்கு ஐந்து நடுவர்களில் அவரும் ஒருவர். குளிர்காலத்திலேயே பெருமையோடு ஒப்புக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல்னு சொல்லிடேன்" என்றாள் ஹெத்விகா.

"சொல்லலாம். அடுத்த வருஷம்? அதுக்கு அடுத்த வருஷம்?"

"அப்போ உண்மையைச் சொல்லு."

"மூக்கில்லாத ஆள் காய்ச்சுற பீரை எவன் வாங்குவான்?"

காய்ச்சல் என்று சொல்லவும் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை; போனார். நீளமான கூடம், வெள்ளை மேசைவிரிப்பு, தட்டுகளில் உப்பில்லாத ரொட்டி. எண் மட்டும் ஒட்டிய குவளைகள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் மூன்றும் எளிதாகப் போயின. ஒன்றில் கசப்பு நாக்கில் தங்கிச் சொரசொரத்தது, அதை எழுதினார். இன்னொன்றில் வேகவைத்த சோள வாசம், அதையும் எழுதினார். தன் மூக்கு மற்றதிலெல்லாம் கூர்மையாகவே இருக்கிறது என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

நான்காவது குவளை வந்தது. அவருக்குச் சுத்தமான, அழகான லாகர். ஆனால் பக்கத்து நடுவர் மூக்கைச் சுளித்து ஏதோ எழுதினார். எதிரில் இருந்த பெண்மணியும் குவளையைத் தள்ளி வைத்தாள். பக்கத்துத் தாளில் ஓரக்கண்ணால் பார்த்தால் போதும், அந்த ஒரு சொல்லைக் காப்பி அடித்துவிடலாம். யாரோ ஒருத்தர் தன்னைப்போல ராத்திரி பகலாக நின்று காய்ச்சிய பீர் அது. அதற்கு இவர் பார்த்து எழுதும் எழுத்தில் மதிப்பெண் போடுவதா?

பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். மேசைத் தலைவர் ஆல்ஃபோன்ஸ், தாடி வைத்த கிழவர், நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மிகுலா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல. எனக்கு... இந்தக் குவளையில வெண்ணெய் வாசனை இருக்குன்னு நெனைக்கிறேன். இவங்க முகத்தைப் பாத்துதான் நெனைக்கிறேன். எனக்கு அந்த வாசனை தெரியாது. பிறவியிலேயே தெரியாது போல. போன வாரம்தான் கண்டுபிடிச்சேன். நான் இந்த மேசையில உக்காரக் கூடாது."

பக்கத்து மேசைகளிலும் பேச்சு நின்றது. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். லுபோருக்குக் காதெல்லாம் சுட்டது.

ஆல்ஃபோன்ஸ் தாடியைத் தடவினார். "காப்பி, கருகல் எல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ ஸ்டவுட் மேசைக்குப் போங்க. அங்க வெண்ணெய் பாக்க வேற ரெண்டு பேர் இருக்காங்க. அவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க." அவ்வளவுதான். அடுத்த குவளையைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

செய்தி லுபோருக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. பீப்பாய்களைத் திருப்பி அனுப்பிய கடை அதோடு அவரிடம் பீர் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. அந்தக் கடைக்காரர் இன்றுவரை திரும்பவில்லை. சில மாதம் லுபோர் தெருவில் நடந்தால் எதிரில் வருபவர்கள் மூக்கைத் தடவிக் காட்டினார்கள். அவர் போஹூஸின் கடைக்குப் போய்க் குழாயைப் பழித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். போஹூஸ் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு மன்னித்தான்.

இளம் பீர் கலந்த பதின்மூன்றாம் நாள் மூன்றாம் டேங்கின் மாதிரியைக் குடித்துவிட்டு லிபுஷே தலையாட்டினாள். "போயிடுச்சு மாஸ்டர். இப்போ இது பீர்."

ஜூனில் அவள் வேலைக்கு வந்தபோது டேங்க் கழுவ மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இடுப்பு தாங்காது. அதோடு ஒரு தாளையும் நீட்டினாள். தன் கையெழுத்து இல்லாமல் எந்த டேங்கையும் திறக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. "வாயால சொன்னா பத்தாது. பன்னெண்டு வருஷம் வாயாலதான் சொன்னேன்." லுபோர் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் ஒரே மூக்கை நம்பி இருப்பது அவரைத் தூங்க விடவில்லை. லிபுஷே தங்கை வீட்டுக்குப் போனால்? வழுக்கி விழுந்தால்? வியாழக்கிழமைதோறும் பள்ளி முடிந்ததும் ஹெத்விகாவும், கடை திறக்கும் முன்னால் போஹூஸும் வந்து குவளைகளை மோந்து பார்க்க ஏற்பாடு செய்தார். ஹெத்விகாதான் மூன்று பேரிலும் கெட்டிக்காரி என்று தெரியவந்தது. போஹூஸ் ஒவ்வொரு தடவையும், சந்தேகமாக இருக்கிறது, இன்னொரு குவளை வேண்டும் என்பான்.

அக்டோபரில் ஊரில் சளி பரவ ஆரம்பித்ததும் லுபோருக்குப் புதுக் கவலை பிடித்தது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் மூக்கடைத்துக்கொண்டால்? மறுநாளே மூன்று பேரையும் காரில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போய் ஃப்ளூ ஊசி போடவைத்தார். லிபுஷேயும் ஹெத்விகாவும் பேசாமல் கையை நீட்டினார்கள். போஹூஸ் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு டாக்டரிடம் முறையிட்டான்:

"உலகத்துலயே பீர் குடிக்கறதுக்காக ஊசி போட்டுக்கிட்ட ஒரே ஆளு நான்தான் டாக்டர். மெதுவாக் குத்துங்க."