அக்காவுக்குக் கொடுத்த ரத்தம்

எங்கள் வீட்டில் கோபம் எல்லாம் எனக்கு வந்தது, பொறுமை எல்லாம் அக்காவுக்குப் போனது. பாகப்பிரிவினை செய்த மாதிரி. ஆவடி பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை, ரேஷன் கடையில் சண்டை, அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசரோடு சண்டை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். அக்கா கரையான்சாவடியில் வாக்கப்பட்டவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மாமியாரிடமோ அவள் புருஷனான மாமாவிடமோ ஒரு மறுபேச்சு பேசியதில்லை. "எப்டிக்கா வாய மூடிகினு கீறே?" என்று கேட்டால், "பேசி இன்னாடி ஆவப்போவுது" என்பாள்.

கை காலெல்லாம் நீலத் திட்டு வந்தபோதும் அப்படித்தான், எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்று மறைத்துவிட்டாள். பல் தேய்க்கும்போது ரத்தம் நிற்காமல் வந்த அன்று நான்தான் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்குள் ரத்தம் ஊறுவதே நின்றுவிட்டது என்றார்கள்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரியின் ரத்த நோய்ப் பிரிவுதான் எங்கள் இன்னொரு வீடு. காலையில் வந்து சாயங்காலம் போகிறவர்களுக்கென்று அங்கே ஒரு கூடம். சுவரோரம் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் தலைமேல் ஒரு பை. சிலருக்குச் சிவப்பு, சிலருக்கு மங்கின மஞ்சளில் பிளேட்லெட். பள்ளிச் சீருடையோடு வந்து ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் ஒரு கையால் போனில் கேம் ஆடுவார்கள். பக்கத்து நாற்காலிக்காரர்களோடு ஊர், பஸ், குழம்பு எல்லாம் பேசுவோம். வழக்கமாக வருகிறவர் ஒருவர் வராமல் போனால் மட்டும் ஏன் என்று யாரும் கேட்கமாட்டோம்.

எத்தனை பை ஏற்றினாலும் ஒரு வாரத்துக்குமேல் தாங்கவில்லை. கூடப்பிறந்தவர்களின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் பிழைக்க வழி இருக்கிறது, இல்லாவிட்டால் ரொம்ப நாள் இல்லை என்று டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார். எனக்குப் பார்த்தார்கள். ரத்த குரூப் வேறு என்றாலும் மஜ்ஜை முழுக்கப் பொருந்தியது. எந்தப் பரீட்சையிலும் நூற்றுக்கு நூறு வாங்காதவள் நான். அன்றைக்கு ஆஸ்பத்திரி கேண்டீனில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

மஜ்ஜையில் இருக்கிற செல்களை ரத்தத்தில் இறக்க எனக்கு வயிற்றில் சில நாள் ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் பிளந்துபோகிற வலி. பிறகு இரண்டு கையிலும் ஊசி குத்தி மெஷினோடு மாட்டிப் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போய், வேண்டியதை மெஷின் எடுத்துக்கொண்டு, மிச்சம் மறு கை வழியாகத் திரும்பி வந்தது. உதடு மரத்துப்போனது. நர்ஸ் கால்சியம் மாத்திரையைச் சப்பச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் திமிராகக்கூட.

தொற்று உள்ளே போகக்கூடாதென்று அக்காவின் அறைக்கு இரண்டு கதவுகள். பூ கூடாது, விபூதி கூடாது, ஆறின சோறு கூடாது. நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று போனில் பேசவேண்டும். மொட்டைத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்து, என்னிடம் எடுத்து இப்போது தனக்குள் இறங்குகிற பையைப் பார்த்தாள்.

"இத்துனூண்டு பைக்கா அவ்ளோ ஆர்ப்பாட்டம் பண்ணே?"

"கஷ்டப்பட்டவளுக்குத்தான் தெரியும்."

"இனிமே எனக்கும் உன் குரூப் ரத்தந்தானாம், டாக்டர் சொன்னாரு. உன் கோவமும் வந்துடுமாடி?"

"வரட்டும். உனுக்கு அது வேணும்" என்றேன்.

வாரங்கள் கழிந்து அணுக்கள் ஏறத் தொடங்கின. அந்த நாட்களில் ஒரு நாள் மாமா போனை எடுத்து, நீ எப்போது வருவாய், அம்மாவால் சமைக்க முடியவில்லை என்று புலம்பினார். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏங்க, ஒரு நாளு நீங்க ஆக்குனா கை தேஞ்சிடுமா?" என்றாள். மாமா போனை என்னிடம் நீட்டி, "உன் ரத்தம் பேசுது, நீயே பேசிக்கோ" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அன்றுதான்.

வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு வந்த வாரத்தில் அவள் உள்ளங்கை சிவந்தது. சிவப்பு மார்புக்கும் முதுகுக்கும் பரவித் தோல் உரிந்தது. பிறகு வயிறு. சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்க செல்லு நல்லா பிடிச்சிருக்கும்மா. ஆனா அவங்க உடம்ப வேத்து ஆள்னு நெனச்சு அடிக்குது. அடக்கத்தான் மருந்து குடுக்கறோம்."

முழுக்கப் பொருந்தியும் இப்படி நடக்குமா என்று கேட்டேன். சிலருக்கு நடக்கும், முதலிலேயே உங்களிடம் சொல்லியிருந்தேனே என்றார். சொல்லியிருந்தார்தான். நூற்றுக்கு நூறு என்றதுமே என் காது அடைத்துக்கொண்டது. டாக்டரோடு சண்டை போடலாம் என்றால் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. நர்ஸ்கள் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். என் உடம்பே எனக்கு அருவருப்பாக இருந்தது. குளிக்கும்போது கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒன்றுக்குப்பின் ஒன்றாக மருந்து மாற்றினார்கள். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் முகமூடியும் கவுனும் போட்டு என்னை உள்ளேயே விட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அக்காவின் உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் வரச்சொல்லிக் கண்ணால் கூப்பிட்டாள்.

"உன் ரத்தம் உன்ன மாரியே கீதுடி. யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது."

நான் கட்டிலோரம் நெருங்கி உட்கார்ந்தேன்.

"நீ சொல்லிப் பாரேன். உன் பேச்சையாவது கேக்குதா பாப்போம்."

விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டாளா, எனக்குத் தெரியாது. ஊசி குத்திக் கறுத்திருந்த அவள் கையின்மேல் குனிந்தேன். என் ஆயுசில் யாரிடமும் இறங்கிப் போகாதவள், அந்தக் கையிடம் கெஞ்சினேன். "போதும், வுட்டுடு. எங்க அக்கா பாவம், வுட்டுடு."

அது கேட்கவில்லை.