பெரியக்காவின் பதினைந்து நிமிடம்

எங்கள் முதியோர் இல்லத்தின் தலைமை நர்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நான் சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் மல்லாந்து கிடந்த காலைதான் முதலில் வந்து நிற்கிறது. கௌரவமான வேறு தொடக்கம் ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

எல்லோருக்கும் அவர் பெரியக்கா. உயரம் என் தோள் வரைதான். இருபத்தெட்டு வருடங்களாகப் படுத்திருப்பவர்களை உட்கார வைப்பதும், உட்கார்ந்திருப்பவர்களை நிற்க வைப்பதும் அவர் பிழைப்பு. சட்டைப் பையில் மூன்று பேனா, கழுத்தில் சாவிக்கொத்து. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரிடம் போய் நிர்வாகம் ஓர் உத்தரவைக் கொடுத்தது: ஊழியர்கள் சோர்ந்து போயிருக்கிறார்கள், அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள், ஆகவே தினமும் காலை வேலைக்கு முன்னால் பதினைந்து நிமிடம் உடற்பயிற்சி. கடைசி மூன்று நிமிடம் சிரிப்பு.

பெரியக்கா அதையும் மருந்துச் சீட்டைப் போலவே வாங்கிக்கொண்டார்.

"கையை இறக்குங்க. மூச்சை விடுங்க. இப்ப சிரிங்க. ஹா. ஹா. ஹா. சமையல்காரரே, உங்களுக்குத் தனியா சொல்லணுமா?"

"சிரிப்பு வரணும்ல, பெரியக்கா?"

"எட்டு மணி மாத்திரையை மனசு வரும்போது குடுக்கலாம்னா விடுவேனா? சிரிங்க."

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். காரணம் சந்தோஷம் அல்ல, மறைக்க வேண்டியிருந்த இடுப்பு வலி. தனியாக யாரையும் தூக்காதே, துணைக்கு ஆளைக் கூப்பிடு என்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். பயிற்சித் தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம், ஆளைக் கூப்பிட்டால் திராணியில்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாத்தியாரம்மாவைத் தனியாகத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எடை என்னுடையதைவிடக் கொஞ்சம் கூட. அன்றிலிருந்து சீருடைக்குள் ஓர் இடுப்புப் பட்டை.

யாரிடமும் சொல்லவில்லை. நான் தரையில் கிடந்த அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிவதாக இருந்தது. வேலை நிரந்தரம் என்ற கடிதம் கைக்கு வந்தால்தான் ஊரிலிருக்கும் மனைவியையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்ள முடியும். இடுப்பு போனவனை யார் வைத்துக்கொள்வார்கள்? நான் இரண்டு மொழியில் படித்தவன். இரண்டிலும் சரளமாகப் பயப்படுவேன்.

புதன்கிழமை ஒரு புதுப் பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தேன். எல்லோரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

"எந்திரி தம்பி."

"இன்னும் கொஞ்சம் இப்படியே இருக்கேன், பெரியக்கா. ரொம்ப நல்லாயிருக்கு."

எங்கள் கூத்தைப் பார்ப்பதற்கென்றே தினமும் சீக்கிரம் வந்துவிடும் வாத்தியாரம்மா சக்கர நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "நல்லாயிருக்காம்! மூஞ்சியைப் பாருங்க. வீட்டுப்பாடம் எழுதாதவன் மூஞ்சி."

சமையல்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "தொடாதீங்க!" என்றார் பெரியக்கா. கீழே கிடப்பவர்களைச் சட்டென்று தூக்கக் கூடாது. கேள்வி கேட்டுப் படிவம் நிரப்பிய பிறகே தூக்க வேண்டும். முதியவர்களுக்கான விதி அது. அவர் என் பக்கத்தில் மண்டியிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன். வெள்ளிக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

"எங்க வலி?"

"எங்கயும் இல்ல."

"வலி இல்லையாம்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "சரி, கொக்கைக் கொண்டு வாங்க."

கொக்கு என்பது ஆளைத் தூக்கும் இயந்திரம். நீண்ட கழுத்தில் துணித்தொட்டில் தொங்கும். அந்தத் துணியை என் முதுகுக்கடியில் செருக என்னைப் பக்கவாட்டில் புரட்டினார்கள். சீருடை மேலேறியது. பட்டையின் வெல்க்ரோ ஒட்டு துணியில் மாட்டி, பர்ர்ர் என்று பிரிந்தது.

"கிழிஞ்சது சட்டையா, மானமா?" என்றார் வாத்தியாரம்மா.

மனைவி, மகள் இருவரின் பயணமும் அந்தச் சத்தத்தோடு போயிற்று என்றே நினைத்தேன். "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன், பெரியக்கா."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா இதைத் தலைகீழா போட்டுட்டு இருக்கியா? அகலமான பக்கம் கீழ வரணும். இங்க பாரு." அவர் தன் மேல்சட்டைக்குள் கையை விட்டார். பர்ர்ர். வெளுத்து, ஓரம் நைந்த ஒரு பட்டை வெளியே வந்தது. "ஒன்பது வருஷம். இப்படிப் போடணும்."

பின்னாலிருந்து இன்னொரு பர்ர்ர். திரும்பினால் சமையல்காரர், குற்றவாளியைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியக்கா சிரித்துவிட்டார். அவர் கற்றுக்கொடுத்த வயிற்றுச் சிரிப்பு அல்ல. மூக்கு வழியாகப் புஸ்ஸென்று பீறிட்டு, அடக்கப் பார்த்து, முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்ட சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு சிரிப்புக்கும் இடுப்பில் ஒரு குத்து.

"சிரிக்க வைக்காதீங்க, செத்துடுவேன்!"

"அதுக்கு வேற படிவம் இருக்கு," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கொக்கு என்னைத் தூக்கியது. தொட்டிலில் தொங்கியபடி கேட்டேன்: "வெள்ளிக்கிழமை லெட்டர்?"

"நீ மறைச்சதை எழுதித்தான் ஆகணும் தம்பி. நான் மறைச்சதையும் சேர்த்தே எழுதறேன். ஒருத்தரை மட்டும் எழுதினா நியாயமில்ல."

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. தகுதிகாண் காலம் இன்னும் இரண்டு மாதம் நீட்டிப்பு. என் சிகிச்சைச் செலவை இல்லமே ஏற்கும். அதுவரை தூக்கும் வேலை கிடையாது. பெரியக்காவுக்கும் தூக்கும் வேலைக்குத் தடை. அந்தக் கோபத்தில் அன்று உடற்பயிற்சி இருபது நிமிடம் நடந்தது.

மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு மாதம் என்பதை அவள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். என் பயம் இரண்டு மொழியிலும் வாக்கியம் தேடத் தொடங்கியது.

"வேலை போகலைல்ல?" என்றாள் கடைசியில்.

"போகல."

"சரி. அந்தப் பட்டையை எப்படிங்க ரெண்டு மாசம் தலைகீழா போட்டீங்க?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னவென்று கேட்க வந்த மகளும் விஷயம் தெரியாமலே சேர்ந்துகொண்டாள். இருவரும் ஓய மூன்று நிமிடம் ஆயிற்று. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பட்டையின் அகலமான பக்கம் கீழேதான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.