பசையம்மா தைத்த கரடிப் புத்தகம்

என் நாத்தனாரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன் என்று கேள்விப்பட்டால் அவளே நம்பமாட்டாள். நாற்பது வருஷமாக நாங்கள் எலியும் பூனையும். தலையணைக்கு எந்தப் பக்கமாக உறை மாட்டுவது என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்லத்தானே வேண்டும்? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். உன் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாத்தனார் அஞ்சாவது வரை படித்தவள். முப்பது வருஷம் ஒரு அச்சகத்தில் தாள் மடித்து, வரிசையாக அடுக்கி, தைக்கிற வேலை. கட்டைவிரலில் ரேகையே இல்லை, தேய்ந்துவிட்டது. வயதாகிவிட்டது என்று அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். இனிமேலாவது வீட்டில் உட்காருவாள் என்று பார்த்தால், தெருக்கோடியில் இருக்கிற குழந்தைகள் லைப்ரரியில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"ஏன்டி, இந்த வயசுல துடைப்பம் தூக்கணுமா?" என்று கேட்டேன்.

"நாள் முழுக்க உங்க மூஞ்சியைப் பாத்துட்டு இருக்கறதுக்கு அது தேவலை அண்ணி."

அந்த லைப்ரரி ஒரே ஒரு கூடம்தான். சுவரோரமாக முழங்கால் உயரத்துக்கு அலமாரி. நடுவில் பாய். பெரியவர்கள் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும், அவ்வளவு குட்டி நாற்காலிகள். வருகிறதெல்லாம் அஞ்சு வயதுக்குள்தான். அதுகள் படப் புத்தகத்தைப் பார்க்கிறதோடு நிறுத்துமா? கடிக்கும், நக்கும், பிடித்த பக்கத்தைக் கையோடு பிய்த்துக்கொண்டு போகும். அப்படிக் கிழிந்ததெல்லாம் கை கழுவுகிற தொட்டிக்குக் கீழே ஒரு பெட்டியில் கிடந்தது, அறுபதுக்குக் குறையாது. பழைய பேப்பர்காரருக்குப் போட வேண்டியதென்று ஒதுக்கியது.

நாத்தனாருக்கு அது பொறுக்கவில்லை. லைப்ரரியைப் பார்த்துக்கொள்கிற மேடத்திடம் போய் நின்றிருக்கிறாள். "இதெல்லாம் நான் ஒட்டித் தர்றேம்மா."

மேடம் கண்டிப்பான ஆள். "சும்மா ஒட்டு மேல ஒட்டா இருந்தா நல்லா இருக்காது. ஒண்ணே ஒண்ணு செஞ்சு காட்டுங்க. வெள்ளிக்கிழமை கதை நேரத்துல அதையே படிக்கிறேன். நல்லா இருந்தா பெட்டி உங்களுக்கு. இல்லைன்னா சனிக்கிழமை பேப்பர்காரர் எடுத்துட்டுப் போகட்டும்."

அவள் எடுத்தது ஒரு கரடிப் புத்தகம். பன்னிரண்டு தாள், பன்னிரண்டும் தனித்தனியாகக் கிடந்தது. எங்கள் வீட்டு மேஜையை மூன்று நாள் அடைத்துக்கொண்டாள். மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்தாள். கிழிசலுக்குப் பின்னால் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள் வைத்து ஒட்டினாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன், ஒட்டு தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. அச்சகத்தில் தாளை அடுக்குகிறவள் எதைப் பார்ப்பாள்? அடியில் இருக்கிற நம்பரை. குழந்தைகள் புத்தகத்தில் நம்பரே கிடையாதாம்! குட்டிக்கரடி அம்மாவைக் காணாமல் தேடுகிறது. அணிலைக் கேட்கிறது, தவளையைக் கேட்கிறது, மரங்கொத்தியைக் கேட்கிறது. ஒரு தாளில் மட்டும் எழுத்தே இல்லை. அம்மா கரடி குட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிற படம், பின்பக்கம் வெறும் வெள்ளை.

"இது முதல் பக்கம்தான் அண்ணி. எந்தக் கதையும் அம்மாகிட்டதானே ஆரம்பிக்கும்?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதை முன்னால் வைத்துத் தைத்து, புத்தகத்தின் முதுகில் பசை தடவி, மேலே அம்மிக்குழவியைப் பாரம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். மூன்றரை வயது அவளுக்கு. புத்தகம் ஒட்டுகிறாள் என்று தெரிந்ததிலிருந்து நாத்தனாருக்கு அங்கே பேர் பசையம்மா. கையில் துடைப்பத்தோடு கதவோரம் நின்றாள், பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி.

மேடம் படித்தார். கரடி போகிறது, கேட்கிறது, யாருக்கும் தெரியவில்லை. 'நான் பார்க்கவில்லை' என்றது மரங்கொத்தி. மேடம் தாளைத் திருப்பினார். அட்டைதான் இருந்தது. கதை முடிந்துவிட்டது.

என் பேத்தி எழுந்து நின்று, "அம்மா எங்கே?" என்றாள். உதடு பிதுங்கியது. ஒன்று அழுதால் போதாதா? வந்திருந்த பதினாலும் சேர்ந்து அழ ஆரம்பித்தது. ஒரு பையன் போய்க் கதவைப் பிடித்து இழுத்தான், அவன் அம்மாவைத் தேடி.

மேடம் முகம் இறுகிவிட்டது. நான் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நாத்தனார் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நேராக நடுவில் வந்து புத்தகத்தை வாங்கினாள். "கண்ணுங்களா, கதை எங்க முடிஞ்சுது? அம்மா எல்லாருக்கும் முன்னாடியே வந்து உக்காந்திருக்கா, பாருங்க!" என்று முதல் பக்கத்தை விரித்தாள். கண்ணீரோடு அத்தனையும் சிரித்தது. "இன்னொரு தடவை!" என்று கேட்டது.

மேடம் மூச்சு விட்டார். "சமாளிச்சுட்டீங்க. பசங்களுக்கும் பிடிச்சிருக்கு. இப்படியே இருக்கட்டும், பெட்டியை எடுத்துக்கங்க."

வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளடி என்று நான் கண்ணாலேயே சொன்னேன். கேட்பாளா?

"இல்லைம்மா. நாளைக்கு ஒருத்தி இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவா. மடியில பிள்ளையை வெச்சுப் படிப்பா. அங்க வந்து நானா திருப்பிக் காட்டுவேன்? பிரிச்சு, அம்மாவைக் கடைசில வெச்சுத் தெச்சுடறேன்."

"பசை நல்லாக் காஞ்சிருக்கு. பிரிக்கறப்ப கிழிஞ்சா?"

"கிழிஞ்சா பெட்டி எனக்கு வேணாம்."

நான் அவள் இடுப்பைக் கிள்ளினேன். "கையில வந்ததைத் தட்டி விடறியே, பைத்தியமா உனக்கு?"

"ஆமா அண்ணி. உங்க வீட்டுல பிறந்த... இல்லை, நீங்க வந்த வீட்டுல பிறந்த பைத்தியம்."

பாயிலேயே உட்கார்ந்தாள். ஈரத்துணியைப் புத்தகத்தின் முதுகில் போட்டு, பசை இளகுகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு ஊசி முனையால் ஒவ்வொரு நூலாக நெம்பினாள். ஒரு தையலைத் தூக்கும்போது தாள் சரக்கென்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலை வேறு பக்கமாக உருவினாள். கிழியவில்லை. பன்னிரண்டு தாளும் முழுசாக வந்தது.

அம்மா கரடித் தாளைக் கடைசியில் வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள். எடுத்தவள் அதைத் திரும்பக் கீழே வைத்தாள். "ஒரு தப்பு பண்ணினவ இன்னொண்ணும் பண்ணியிருப்பா," என்று சொல்லி, எல்லாவற்றையும் தரையில் பரப்பி, என் பேத்தியைக் கூப்பிட்டாள். "நீ அடுக்கு செல்லம்."

பேத்தி குனிந்து பார்த்தாள். தவளையை எடுத்து அணிலுக்கு முன்னால் வைத்தாள்.

"அணில்தானே முதல்ல?" என்றார் மேடம்.

"கால் பாருங்க. சேறு."

அணிலோடு பேசுகிற கரடியின் காலில் சேறு ஒட்டியிருந்தது. குளத்துக்குப் போய்த் தவளையைக் கேட்டுவிட்டு வந்த சேறு! மேடம் எழுத்தைப் படித்தார், நாத்தனார் நம்பரைத் தேடினாள், நானோ அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலைப் பார்க்க மூன்றரை வயது வேண்டியிருந்தது.

நாத்தனார் அந்த வரிசையிலேயே தைத்தாள். தையலுக்கு உள்ளே யார் கண்ணிலும் படாத மூலையில் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று நம்பரும் போட்டாள்.

சனிக்கிழமை பேப்பர்காரர் வந்தார். நாத்தனார் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரிங்கம்மா, எடுக்கணும்."

"இதுல இன்னும் எத்தனை பேரோட அம்மா தொலைஞ்சு கிடக்காளோ, பாக்காம தர முடியாது," என்றாள். அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் மூலையில் இருந்த பழைய செய்தித்தாளை மட்டும் எடுத்துப்போகச் சொன்னார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஒரு புத்தகத்தைத் தாள் தாளாகப் பாயில் பரப்புகிறாள். குழந்தைகள் அடுக்கி முடித்தால்தான் ஊசியில் நூல் கோப்பாள். ஒன்று 'இது முன்னாடி' என்னும், இன்னொன்று 'போடா' என்னும். அதுகள் அடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வருகிற வரைக்கும் அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் நாத்தனார் வாயை மூடிக்கொண்டு இருந்து நான் பார்த்தது அங்கேதான்.