ஆப்பிள் அப்பத்தில் குத்திய பெயர்

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றேழு, ஆவணி மாதம். நாகர்கோவிலில் வெள்ளைக்காரத் துரைசாணி பங்களாவில் ரேந்தை என்கிற லேஸ் பின்னுகிற பெண்களுக்கு ஆளுக்கு நாலு ஆப்பிள் கிடைத்தது. மலையில் இருக்கிற சினேகிதி ஒருத்தி துரைசாணிக்குக் கூடை கூடையாக அனுப்பியிருந்தாள். அதுவரை எங்கள் பெண்கள் ஆப்பிளைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். கடித்தால் பல் கூசுகிற புளிப்பு. "இந்த எழவத் தின்னுட்டா ஏவாள் கெட்டுப்போனா?" என்று ஜெபமணி காறித் துப்பினாள். மிச்ச மூன்றையும் புளிக்குப் பதிலாகச் சாளைமீன் குழம்பில் வெட்டிப் போட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது என்று வெகுநாள் சாதித்தாள்.

ஏசுவடியாள் தன் நாலையும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். அவளுடைய எண்ணம் வேறு.

பங்களாவில் சமைக்கிற குசினிக்காரர் சுந்தர்சிங் வயதாகி ஊருக்குப் போகிறார். துரைசாணிக்கோ வயிற்றுக் கோளாறு, பொரித்தது எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு உயிரே சுந்தர்சிங் நெய்யில் பொரித்துப் போடுகிற ஆப்பிள் அப்பம். அதனால் ரேந்தைக் கூடத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னாள்: அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் எண்ணெய் இல்லாத பலகாரம் ருசியாக யார் படைக்கிறாளோ, அவளுக்கே குசினி வேலை. வேலையோடு குசினிக்குப் பின்னால் ஓர் அறையும் உண்டு.

அந்த அறைதான் ஏசுவடியாளுக்கு வேண்டும். வயது முப்பத்தாறு. இருபத்தைந்து வருஷம் ரேந்தை பின்னியதில் கண் மங்கிவிட்டது. இலங்கைத் தோட்டத்துக்குப் போன புருஷன் காய்ச்சலில் அங்கேயே போய்ச் சேர்ந்தான். இருப்பது தம்பி டைட்டஸ் வீட்டில். அதுவும் தம்பி வீடு அல்ல, அவன் பெண்டாட்டி குளோரிக்குச் சீதனமாக வந்த வீடு. அதைக் குளோரி ஒருநாளும் மறக்க விட்டதில்லை. படுக்கை அம்மிக்குப் பக்கத்தில், வேலை விடிந்தது முதல்.

டைட்டஸை வளர்த்ததே இவள்தான். தாய் செத்தபோது இவளுக்கு ஒன்பது, அவனுக்கு ஒன்று. இடுப்பில் வைத்துத் தூக்கி, ரேந்தைக் காசில் கஞ்சி ஊற்றிப் படிக்கவும் வைத்தாள். இன்றைக்கு அவன் பள்ளிக்கூட வாத்தியார். இவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை, தம்பி படித்தால் தான் படித்த மாதிரிதானே என்று இருந்துவிட்டாள், பாவி.

பண்டிகைக்கு முந்தின நாள் கோதுமை மாவைத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்டுக் கெட்டியாகப் பிசைந்தாள். மாவு பொங்க ஒரு சிரட்டைக் கள் வேண்டும். கள் வாசம் வீட்டுக்குள் வந்தால் சபையில் விசாரணை. ஆகவே விடியுமுன்னே தென்னை ஏறுகிற ஐயப்பனிடம் போய் வாங்கி, கொல்லையிலேயே மாவில் ஊற்றிவிட்டாள். குளோரி எழுந்து பார்க்கும்போது மாவு மட்டும்தான் இருந்தது. ஆப்பிளைத் தோல் சீவி நறுக்கி மாவில் சேர்த்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் தட்டித் தட்டி வைத்தாள். கீழே மெல்லிய தணல், மேலே மூடியில் சிரட்டைக் கனல். அடியும் மேலும் சேர்ந்து சிவந்து வந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. தெருவே மணத்தது. குளோரி இரண்டு தின்றுவிட்டு, "பரவாயில்ல மைனி" என்றாள். அவள் வாயிலிருந்து அதுவே பெரிய காரியம்.

காணிக்கைப் பொருளோடு கொடுத்தவர் பெயரைச் சீட்டில் எழுதி வைப்பது சபை வழக்கம். ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது உபதேசியார் அதை வாசிப்பார்.

"மக்கா, சீட்டுல எனக்க பேர எழுது" என்றாள் ஏசுவடியாள்.

டைட்டஸ் எழுதினான். அச்சுப் போல எழுத்து. அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் கோவிலில் பூசணிக்காயும் நெற்கதிரும் சேவலும் ஏலம் போன பிறகு, உபதேசியார் அப்பத் தட்டைத் தூக்கினார். சீட்டை எடுத்து, "டைட்டஸ் வாத்தியார் சம்சாரம் குளோரி காணிக்கை!" என்றார்.

உபதேசியாருக்குக் கண் தெரியவில்லை போலிருக்கிறது என்றுதான் ஏசுவடியாள் முதலில் நினைத்தாள். ஆண்கள் பக்கம் திரும்பித் தம்பியைத் தேடினாள். அவன் குனிந்து தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் விளங்கியது. துரைசாணி தட்டை ஏலத்தில் எடுத்து, அங்கேயே ஒன்றைத் தின்று, குளோரியைக் கைகாட்டி அழைத்துக் குசினி வேலை அவளுக்குத்தான் என்றாள்.

வீட்டுக்கு வந்து ஏசுவடியாள் தம்பியைக் கேட்டாள். "ஏம்லே இப்படிச் செய்த?"

"கர்த்தருக்குக் குடுத்ததுக்குப் பேரு எதுக்கு யக்கா?"

"அப்ப உனக்க பெண்டாட்டி பேரு மட்டும் எதுக்கு?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு சொன்னான். "நீ அங்க போயிட்டா இங்க வீட்டு வேலைய யார் பாக்கது?"

அவள் அழவில்லை. அன்றைக்கும் அம்மிக்குப் பக்கத்தில்தான் படுத்தாள். ஊட்டி வளர்த்த கை என்றுகூடப் பார்க்கவில்லையே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

குளோரி பங்களாவுக்குப் போய் இரண்டு வாரம் கஞ்சியும் சூப்பும் வைத்துச் சமாளித்தாள். பிறகு துரைசாணி அந்த அப்பத்தைக் கேட்டாள். குளோரி பார்த்ததை எல்லாம் பார்த்தபடியே செய்தாள். பார்க்காத கள்ளுக்கு எங்கே போவாள்? அப்பம் கூழாங்கல்லாக வந்தது. பங்களா நாய் மோந்துவிட்டுப் போய்விட்டதாம். சனிக்கிழமை விருந்தாளி வருகிறார்கள், அதற்குள் ஒழுங்காகச் செய் என்று துரைசாணி முகத்தைச் சுளித்தாள்.

டைட்டஸ் ஆப்பிளோடு அக்காவிடம் வந்து நின்றான். "யக்கா, ஒருதடவ செஞ்சு தா. வேலை போனா மானம் போவும்."

"செய்யுதேன். ஆனா எனக்க பேர இந்த அட்டையில பெருசா எழுதித் தா. சாவதுக்குள்ள அது எப்படி இருக்குமின்னு பாக்கணும்."

அக்கா இளகிவிட்டாள் என்று அவனுக்கு நிம்மதி. கண் கலங்க எழுதிக் கொடுத்தான். அவள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு நேரே எழுத்துக் கூட்டத் தெரிந்த ஜெபமணி வீட்டுக்குப் போனாள். "இதுல எழுதியிருக்கது யார் பேரு?" என்று கேட்டாள். கூடப் பிறந்தவன் எழுதிய தன் பெயரை அடுத்த வீட்டில் கேட்டு உறுதிசெய்ய வேண்டியிருந்ததே, அதுதான் சீட்டு மாறியதைவிட அவளுக்கு வலித்தது. உன் பேருதான் என்று ஜெபமணி சொன்னாள்.

ரேந்தைக்காரிக்கு எழுத்து எதற்கு? அட்டையில் ஊசியால் குத்திப் பின்னலுக்கு மாதிரி எடுப்பது அவளுக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம். பெயரின் மேல் புள்ளி புள்ளியாகக் குத்தினாள். அட்டையைப் பாதி வெந்த அப்பத்தின் மேல் வைத்துத் துளைவழியே மறுபடி குத்தி, ஒவ்வொரு துளையிலும் கருப்பட்டிப் பாகைத் தொட்டு வைத்து, மறுபடி கனலில் ஏற்றினாள். பெயர் கறுத்துத் தெளிந்தது. மிச்ச மாவையும் ஒரு சட்டியில் மூடி எடுத்துக்கொண்டு, அப்பத்தைத் தானே சுமந்துவருவதாகச் சொல்லி டைட்டஸுக்குப் பின்னாலேயே பங்களாவுக்குப் போனாள்.

துரைசாணி மூடியைத் திறந்தாள். தமிழ் படித்தவள். "ஏ... சு... வ... டி... யாள்" என்று எழுத்துக் கூட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். குளோரிக்கு முகம் வெளிறிப் போயிற்று.

டைட்டஸ் முந்திக்கொண்டான். "அது எனக்க அக்கா பேரு, அம்மா. எழுத்து தெரியாத பாவம். நான் எழுதிக் குடுத்ததப் பாத்து விளையாட்டாக் குத்திப்போட்டா. செய்தது குளோரிதான்."

குசினி வாசலில் நின்ற ஏசுவடியாள் காதில் அது விழுந்தது. முதல் பொய்யை அவளுக்குத் தெரியாத எழுத்தில் அவன் எழுதினான். இதை அவள் முகத்துக்கு நேரே சொன்னான்.

"இந்தா மாவு இருக்கு அம்மா. அடுப்பும் இருக்கு. அவ செய்யட்டும், இல்லேன்னா நான் செய்யுதேன்" என்றாள்.

குளோரி கீழே எவ்வளவு தணல், மேலே எவ்வளவு கனல் என்று தெரியாமல் விழித்தாள். ஏசுவடியாள் அரைமணி நேரத்தில் பன்னிரண்டு அப்பம் எடுத்தாள். துரைசாணி பின்னறைச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

குளோரி வெளியேறிய பிறகும் டைட்டஸ் போகவில்லை. "யக்கா..." என்று பின்வாசல்வரை வந்தான்.

அவள் சாவியை முந்தானையில் முடிந்தாள்.

"உன்ன இடுப்பில சுமந்துட்டுப் போயி பள்ளிக்கூட வாசல்ல விட்டேனே" என்றாள். "அண்ணைக்கு உன்ன வாசல்ல விட்டுட்டு நான் உள்ள போயிருக்கணும்லே."