கைதட்டல் இருக்கும் பாட்டு

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் எனக்கு வேலை. சீசன் நேரத்தில் ஒரு லேபிள் தீர்ந்துபோனால், போன ஆர்டரில் மிஞ்சியதை ஒட்டி லோடு ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. மேலே மயில் படம், உள்ளே சங்குசக்கரம். இதெல்லாம் தெரிந்த நான்தான் ஒரு எம்பி3 சிடியின் உறையை வேதவாக்காக நம்பி அலைந்தேன்.

அலைந்தது அக்காவுக்காக. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக்கு மருந்து நிரப்பும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்கு ஒரு தீ விபத்தில் வலது கை வெந்துபோனது. புண் ஆறியபின் விரல்கள் விறைத்துக்கொண்டன. தினமும் மடக்கி நீட்டாவிட்டால் அப்படியே நின்றுவிடும் என்று விருதுநகர் ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அக்காவோ வலி தாங்காமல் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

அப்போதுதான் பஸ் ஸ்டாண்டில் அந்த சிடியை வாங்கிவந்தேன். எல்லாம் இங்கிலீஷ் ராக் பாட்டுகள். ஒன்றில் மட்டும் யாரும் பாடவில்லை. கிடாரும் டிரம்ஸும், பின்னால் கூட்டத்தின் இரைச்சலும்தான். அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல யாரும் எனக்குப் புத்தி சொல்லல. இதையே போடுலே."

தாளத்துக்கு ஒரு மடக்கு, ஒரு நீட்டு. வலித்தால் திட்டுவாள், என்னையல்ல, டிரம்ஸ்காரனை. விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இணங்கின.

ஒருநாள் கீறல் விழுந்து சிடி நின்றுபோனது. பயிற்சியும் நின்றது. வேறு எந்தப் பாட்டுக்கும் அவள் கையை வெளியே எடுக்கவில்லை. விரல்கள் மறுபடி இறுகத் தொடங்கின.

உறையில் இருந்த பெயரைப் பிரவுசிங் சென்டரில் தேடினேன். யாரோ அடித்தொண்டையில் கத்தும் பாட்டு வந்தது. அந்தக் குழுவின் மற்ற பாட்டுகளும் ஒத்துவரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, இங்கேயும் எவனோ மிஞ்சிய லேபிளை ஒட்டியிருக்கிறான்! வார்த்தையே இல்லாத பாட்டை எதைச் சொல்லித் தேடுவது? ராக் ரசிகர்கள் கூடிப் பேசும் ஓர் இணையப் பக்கத்தில், என் ஓட்டை இங்கிலீஷில், கிடார் எங்கே ஏறுகிறது, டிரம்ஸ் எங்கே இடிக்கிறது, அக்காவின் கை எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாத ஒருவர் பதில் போட்டார். பாட்டின் பெயரும் தப்பு, குழுவும் தப்பு என்று சொல்லி, சரியானதை அனுப்பிவைத்தார்.

அதை சிடியில் ஏற்றி வீட்டுக்கு ஓடிவந்து போட்டேன். அக்காவின் விரல்கள் தானாக அசைந்தன. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"பாட்டு இதுதாம்லே. ஆனா நம்மது இல்ல. நடுவுல கைதட்டுவாகல்ல, அங்கனதான நான் கைய ஆத்துவேன்? இவன் மூச்சே விட மாட்டேங்கான்."

அவர் அனுப்பியது ஸ்டுடியோவில் பதிந்தது. எங்களிடம் இருந்தது மேடையில் வாசித்தது. நடுவில் கிடார் ஓயும், கூட்டம் கைதட்டும், பிறகு மறுபடி தொடங்கும். இதை எழுதியதும் அந்த மனிதர் சலிக்காமல் வெவ்வேறு ஊர்க் கச்சேரிப் பதிவுகளை ஒவ்வொன்றாக அனுப்பினார். அக்கா கேட்டுக் கேட்டு ஒதுக்கினாள். கடைசியில் ஒன்றில், கைதட்டலுக்கு நடுவே ஒருவன் நீளமாக விசிலடித்தான்.

"ஏலே, நம்ம விசிலு!" என்று கத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

யார் பெற்ற பிள்ளையோ, எங்களுக்காக அம்புட்டு நேரம் செலவழித்தார். இன்று நினைத்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சில மாதங்கள் போனபின் அக்காவே கேட்டாள். "அந்த மூச்சு விடாதவனப் போடு." நடுவில் கையை ஆற்றாமல், முடிவுவரை மடக்கி நீட்டினாள்.

அவருக்கு நன்றி எழுத நான் கிளம்பியபோது கூடவே வந்தாள். பிரவுசிங் சென்டரில் கீபோர்டில் கை வைத்த என்னைத் தள்ளிவிட்டாள்.

"எந்த எழுத்து எங்கன இருக்குன்னு மட்டும் காட்டு."

வெந்த கையின் விரலால், ஒவ்வோர் எழுத்தாக, அவளே அடித்தாள்.