கெடாரிலிருந்து கூடவே வந்த கருகல் நாற்றம்

கெடாரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் வருவதற்குள் ரப்பர் கருகும் நாற்றம் காருக்குள் வந்துவிட்டது. அன்றைக்குத் திண்டிவனத்தில் என் மகளுக்கு அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. ஒன்பது மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அதற்குப் பிறகு யாரையும் விடமாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. கல்யாணப் பேச்சையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இரண்டு வருஷமாக இதற்காகப் படித்தவள். பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றுதான் சொன்னாள். "வூட்ல கார வச்சிக்கினு பஸ்ல எதுக்குத் தொங்கணும்?" என்று நான்தான் பிடிவாதமாக ஏற்றினேன்.

"அப்பா, நேத்து..." என்று ஆரம்பித்தாள்.

"நீ புக்கப் பாரு. வண்டிய நான் பாத்துக்கறேன்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் புத்தகத்தைப் பார்த்தாள்.

ஹேண்ட்பிரேக் பிடித்துக்கொண்டிருக்குமோ என்று நிறுத்திப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. டயர் உரசுகிறதா என்று நான்கையும் தடவினேன். அதுவும் இல்லை. ஓடினால் நாற்றம், நின்றால் குறைந்தது. விழுப்புரத்துக்குள் நுழைந்ததும் போன மாதம் வண்டியை சர்வீஸ் செய்த மெக்கானிக்கின் கடைக்கு விட்டேன். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னாய்யா பெல்ட் மாட்டின? தீஞ்சிக்கினு வருது" என்று இறங்கும்போதே சண்டையை ஆரம்பித்தேன்.

அவர் நிதானமாகப் பானட்டைத் திறந்து பார்த்தார். "பெல்ட்டு நல்லாதாங்க இருக்குது. வண்டி எது மேலயாவது ஏறிச்சாங்க? கயிறு, சாக்கு, எதனா?"

"ஒண்ணும் ஏறல."

பின்னாலிருந்து, "அப்பா..." என்றாள் மகள்.

"பேனா எடுத்துக்கினியான்னு பாரு மொதல்ல."

ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் பார்த்துவிடலாம், கால் மணி நேரம் போதும் என்றார் மெக்கானிக். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "அடியில ஒரு மண்ணும் இல்ல. பெல்ட்டுதான். மாத்து, ஜல்தி" என்றேன். வாடிக்கைக்காரன் கத்தும்போது அவர்தான் என்ன செய்வார்? பெல்ட்டை வாங்கிவந்து மாட்டி முடிப்பதற்குள் மணி எட்டு பத்து. மகள் இறங்கி நின்று, பஸ் வரும் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் இடது முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. ஓரம் கட்டினேன். கை காட்டிய இரண்டு பஸ்களும் அந்த நாற்கரச் சாலையில் நிற்காமல் போயின. மணியைப் பார்க்கவே பயமாக இருந்தது. "என் தலையெழுத்து, என் தலையெழுத்து" என்று காரைச் சுற்றிச்சுற்றி வந்தேன்.

அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. டிக்கியைத் திறந்து, வயல் வேலைக்கென்று அதிலேயே கிடக்கும் கதிர் அரிவாளை எடுத்தாள். தேர்வுக்கென்று போட்டுவந்த புதுச் சுடிதாரோடு தரையில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். கை சுட்டிருக்க வேண்டும், இழுத்துக்கொண்டாள். துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு மறுபடி விட்டாள். வெளியே வந்தது உளுந்துச் செடி. கயிறாக முறுக்கிக்கொண்ட, கருகிய உளுந்துச் செடி.

முந்தின நாள் காய்ந்த உளுந்தைத் தார்ச்சாலையில் பரப்பியிருந்தேன். அடித்து மணியைப் பிரிக்க ஆள் வரவில்லை, டிராக்டரும் கிடைக்கவில்லை. காரையே அதன்மேல் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டினேன். கவையால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டு நின்றவள் இவள்தான். செடி சக்கர அச்சில் சுற்றி இறுகி, அச்சின் முனையில் இருக்கும் ரப்பர் உறையைத் தேய்த்துத் தேய்த்துக் கருக்கியிருந்தது. எது மேலாவது ஏறியதா என்று மெக்கானிக் கேட்டபோது கல்லும் பள்ளமும்தான் என் நினைவுக்கு வந்தன. உளுந்து மேல் ஓட்டியது எனக்கு வேலை. அதை ஏறியதாக நான் நினைக்கவே இல்லை.

இருவருமாக அறுத்து அறுத்து இழுத்தோம். வண்டியை எடுத்து, எப்படி ஓட்டினேனோ தெரியாது, தேர்வு மையத்துக்கு வந்து நின்றபோது ஒன்பது ஆறு. கேட் சாத்தியிருந்தது. யாரிடமும் தணிந்து பேசிப் பழக்கமில்லாத நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். "என் மேல தப்புங்க, அவ மேல இல்லீங்க." காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ரூல்ஸுங்க, நான் இன்னா பண்றது?" என்றார். மகள் கரி படிந்த கையில் ஹால் டிக்கெட்டை மடிக்காமல் பிடித்தபடி நின்றாள். அவளைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

திரும்பும்போது காரில் ஒரு நாற்றமும் இல்லை. விக்கிரவாண்டியில் காலையில் புகை வந்த இடம் எதிர்ப்பக்கம் வந்தது.

"தெரிஞ்சிக்கினே ஏம்மா சொல்லாம இருந்த?" என்றேன்.

"கத்துவீங்கன்னுதாம்ப்பா. பரீட்சைக்குப் போறப்ப அழுதுக்கினு போவ வேணாம்னு பாத்தேன்."

சுடிதாரில் ஒட்டியிருந்த உளுந்து நெற்று ஒன்றைப் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.